விரதம்தான் வந்தனான்

"அந்தப் படம் எங்க மிஸ்ஸி?" என்று ஷாலினி கேட்டபோது, இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் நான் ஓய்வுபெறும்வரை தாதியாக, எல்லோருக்கும் 'மிஸ்ஸி'யாக, வேலை செய்த அதே நீரிழிவு கிளினிக்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எத்தனையோ பேரின் விரலைக் குத்தியவள், இப்போது வருடாந்தச் சோதனைக்காக இந்தப் பக்கத்துக் கதிரையில். நான் இருந்த இடத்தில் ஷாலினி.

அவளுக்கு ஒரே கவலை. 'போடர்' என்று சொல்லப்படுகிறவர்கள் யாருமே பயப்படுகிறார்கள் இல்லையாம். போடர் என்றால், இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, ஆனால் நீரிழிவு என்று பெயர் வைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. சாப்பாட்டைத் திருத்தி, கொஞ்சம் நடந்து திரிந்தால் பலரை வந்த வழியே திருப்பிவிடலாம். ஆனால் இவர்களோ "சும்மா போடர்தானே" என்று சிரித்துவிட்டுப் படி இறங்கியதும் நேரே பொரித்த ரோல்ஸ் விற்கும் கடைக்குப் போகிறார்களாம். முன்பு எங்கள் பெரிய டொக்டர் ஒரு கறுத்துப்போன காலின் படம் வைத்திருந்தார் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால் ஆட்கள் கொஞ்சம் வெருளுவார்கள் என்பது அவள் எண்ணம்.

படம் இல்லை, ஏன் இல்லை என்பதை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று பின்னேரமே தொலைபேசியில் கூப்பிட்டாள். எனக்கும் போடராம். வேறொரு நாள் திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்றாள். ஆகவே, இதை எழுதுகிறவள் பயமில்லாத பெரிய மனுஷி என்று யாரும் நினைக்க வேண்டாம். 

பயம் எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். கொட்டாஞ்சேனை வீட்டில் அவருடைய கதிரை ஜன்னலோரம் இருந்தது. சீனி வருத்தத்தில் கால்விரலில் ஒரு சின்னப் புண் வந்து, அது ஆறாமல் மேலே ஏறி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. காற்றுக்கு, இடுப்பில் கட்டிய சாரத்தின் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக ஆடும். அதைப் பார்க்காமல் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கப் பழகிக்கொண்டேன். இப்படிப்பட்டவள் ஏன் தாதி வேலைக்குப் போனாள் என்று சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். பயப்படுகிற சாமானைக் கண்முன்னாலேயே வைத்துக்கொண்டால் அது பின்னால் வந்து பிடிக்காது என்று நினைத்தேன், அவ்வளவுதான். பயிற்சி முடிந்தது, அரசாங்க ஆஸ்பத்திரியில் சில வருடம் வாட்டு வாட்டாக அலைந்தேன், பிறகு இந்தச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். கீழே கிளினிக், மேலே கொஞ்சக் கட்டில்கள். வந்த அன்றே, மெடம் என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெரிய டொக்டரைக் கண்டு பயந்தேன்.

மெடம் களனிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. தமிழை நோயாளிகளிடமிருந்தே பொறுக்கி எடுத்தவர். அதனால் ஒரே வசனத்தில் யாழ்ப்பாணமும் கொட்டாஞ்சேனையும் புறக்கோட்டையும் வந்துபோகும். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கதைக்கும்போது இரண்டு விரலை நோயாளியின் மணிக்கட்டில் வைத்துக்கொள்வார். நாடி பார்க்கிறாரா, ஆறுதல் சொல்கிறாரா, பொய்யைப் பிடிக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. பொய் சொல்கிறவர்கள் மூன்றாவது என்றே நினைத்தார்கள்.

போடர் என்று வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது மருந்துச் சிட்டையை அல்ல, வீட்டில் சோறு தின்னும் தட்டை, எங்கள் பேச்சில் கோப்பையை. அடுத்த முறை வரும்போது அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். வெள்ளவத்தையில் அந்தக் காலத்தில் பையில் கோப்பையைச் சுற்றிக்கொண்டு நடந்து போகிறவரைக் கண்டால், ஆள் எங்களிடம்தான் வருகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். மேல்மாடிக் குசினியிலிருந்து சோறும் கறிகளும் வரும். "வீட்டில போடுற மாதிரிப் போடுங்க" என்பார். எல்லோரும் வெட்கப்பட்டு ஒரு பிடிதான் போடுவார்கள். மெடம் காத்திருப்பார். கையை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல் காத்திருப்பார். மெல்ல மெல்ல இன்னொரு கரண்டி விழும், பிறகு இன்னொன்று.

அதன் பிறகு கரண்டிக் காம்பால் கோப்பையில் கோடு கீறுவார். பாதிக் கோப்பை இலைவகை, வறை, சம்பல், மரக்கறி. மற்றப் பாதியை இரண்டாக்கி ஒரு பக்கம் சோறு, மற்றப் பக்கம் மீனோ பருப்போ கடலையோ. எங்கள் ஆட்கள் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் உருளைக்கிழங்கு. அது மரக்கறிதானே என்று பாதிக் கோப்பைக்குள் குவிப்பார்கள். "கிழங்கு சோத்துக்குச் சொந்தக்காரன் அம்மா, சோத்துப் பக்கத்தில இருக்கட்டும்" என்று மெடம் அதைத் தள்ளிவிடுவார். பேக்கரிப் பாணை விடச் சொல்வார், விடமாட்டோம் என்றால் பாதியாக்கச் சொல்வார். குரக்கன் பிட்டு, சிவப்பரிசி இடியப்பம், முருங்கையிலை என்று அவரவர் வீட்டில் இருப்பதிலிருந்தே வழி காட்டுவார். பட்டினி கிடக்கச் சொன்னதே இல்லை.

படம், சொல்லுக் கேட்காதவர்களுக்கு. ஏதோ வைத்தியப் புத்தகத்திலிருந்து எடுத்த, கணுக்கால்வரை கறுத்த ஒரு கால். மேசையில் குப்புறக் கிடக்கும். இரண்டு மூன்று முறை வந்தும் சீனி அளவு குறையாதவர்களுக்கு முன்னால் அதைத் திருப்பி வைப்பார். அந்த நேரத்தில் நான் அலுமாரியில் எதையாவது தேடுவதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். எத்தனை வருடமானாலும் அது எனக்கு அப்பாவின் காலாகவே இருந்தது.

திலகவதி அக்காவும் அவரது கணவர் சிவபாலன் ஐயாவும் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்காக வந்து கொழும்போடு தங்கிவிட்ட குடும்பம். பிள்ளைகள் வெளிநாட்டில். ஐயாவுக்கு நெடுநாள் நீரிழிவு, அது கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். மருந்துக் குளிசை எடுத்துக் கொடுப்பது, குளிக்க வார்ப்பது, பேப்பர் வாசித்துக் காட்டுவது எல்லாம் அக்கா. ஒருநாள் ஐயாவோடு வந்த இடத்தில் தனக்கும் பார்த்துவிடச் சொன்னார். அடுத்த நாள் காலை சாப்பிடாமல் வரச் சொன்னேன். குளித்து, திருநீறு பூசி, வெளுத்த சேலையோடு வந்து நின்றார். ஃபாஸ்டிங்தானே அக்கா என்று கேட்டேன்.

"ஓம் மிஸ்ஸி, விரதம்தான் வந்தனான்" என்றார்.

போடர் என்று வந்தது. சொன்னதும் அவர் ஐயாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நானும் விழுந்தா இவரை ஆர் பாக்கிறது மிஸ்ஸி?"

 ஒன்றும் ஆகாது, சாப்பாட்டிலேயே சரிப்பண்ணலாம் என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். அக்கா சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்தார், பூப்போட்ட பெரிய பீங்கான் கோப்பை. மெடம் கோடு கீறினார். அடுத்த மாதம் சீனி அளவு அப்படியே. அக்கா கொண்டுவந்ததோ ஒரு சின்னக் கோப்பை. மெடத்துக்குச் சந்தோஷம், பாடம் ஏறியிருக்கிறது என்று நினைத்தார். அதற்கடுத்த மாதம் அளவு கொஞ்சம் கூடி நின்றது. அக்காவின் பையிலிருந்து வந்தது தேத்தண்ணீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிற பீரிஸ். அதில் இரண்டு கரண்டிச் சோற்றைப் போட்டுவிட்டு, வீட்டில் இவ்வளவும்தான் என்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வளையல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் ஓடித் திரிந்தது.

இவ்வளவு குறைத்துத் தின்கிற மனுஷிக்கு வெறும் வயிற்றில் ஏன் சீனி நிற்கிறது? பொதுவாக இதற்கு ஒரே பதில்தான், ஒளித்துத் தின்கிறார். மெடம் நீண்ட நேரம் மணிக்கட்டைப் பிடித்தபடி அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பி வைத்தார்.

நான் அலுமாரிப் பக்கம் திரும்பியும் கண்ணாடிக் கதவில் எல்லாம் தெரிந்தது. அக்கா அழவில்லை. படத்தை ஒருமுறை பார்த்தார். உடனே பக்கத்தில் இருந்த ஐயாவின் முகத்தைப் பார்த்தார். அவருக்குத்தான் கண் தெரியாதே என்று நினைவு வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அடுத்த தடவை அவர்கள் வந்து வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிடப் போனேன். தலைக்கு மேலே காற்றாடி சுற்றியும் அக்காவின் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் வெளிநாட்டில் இருக்கிற மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பஸ் வந்துவிட்டது, இறங்கு என்றார். கண் என்மேல் நிற்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். ஐயா முழங்கையை விடவில்லை.

"திலகம், ஏன் கதைக்கிறீரில்லை?" என்றவர், பதில் வராததால் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "மிஸ்ஸி, இவவின்ட கை ஏன் இப்பிடி நனைஞ்சிருக்கு?"

 விரலைக் குத்தி மெஷினில் பார்த்தேன். முப்பது சொச்சம். பிழையாயிருக்கும் என்று மற்ற விரலில் குத்தினேன். அதே அளவு. சீனி கூடிக் கொல்லும் என்று இத்தனை மாதம் நாங்கள் பயமுறுத்திய மனுஷி, சீனி இல்லாமல் செத்துக்கொண்டிருந்தார்.

மயங்கின ஆளின் வாயில் சீனித்தண்ணீர் ஊற்றப் போவார்கள். கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குளுக்கோஸை நரம்பில்தான் ஏற்ற வேண்டும். அக்காவின் நரம்புகள் பட்டினியில் ஒட்டிப்போய்க் கிடந்தன. ஒரு கையில் தோற்று மற்றக் கையில் பிடித்தேன். கெட்டியான குளுக்கோஸ், நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். அதனால் நெஞ்சு எவ்வளவு அடித்தாலும் கை மெதுவாகத்தான் தள்ள வேண்டும். மற்ற மணிக்கட்டில் மெடத்தின் இரண்டு விரலும் இருந்தன. மருந்து பாதி போனதும் அக்காவின் இமை அசைந்தது. முழுதும் போனதும் கண்ணைத் திறந்து, இவர் சாப்பிட்டாரா என்று ஐயாவைப் பற்றிக் கேட்டார்.

எல்லோரும் மூச்சு விட்டோம், மெடத்தைத் தவிர. போடரில் நிற்கிற ஒருவர் வெறும் பட்டினியால் முப்பதுக்கு இறங்கமாட்டார் என்று என் காதோரம் சொன்னார். மேலே கொண்டுபோய்க் குளுக்கோஸ் சேலைன் ஏற்றி, அடிக்கடி விரல் குத்தச் சொன்னார். அவர் பயந்தது சரி. மத்தியானத்துக்குப் பிறகு ஐயாவுக்குச் சோறு குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கட்டில் சட்டம் அதிரும் சத்தம் கேட்டது. திரும்பினால் அக்காவின் கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. திரும்பவும் விழுந்துவிட்டது. மீண்டும் ஊசி, மீண்டும் அந்த மெதுவான தள்ளல். இந்த முறை இமை அசைய நேரமெடுத்தது. ஐயா சோற்றுக் கையை அந்தரத்தில் வைத்தபடி, என்ன நடக்குது என்று ஒருவரும் எனக்குச் சொல்லுங்கோவன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூளைக்குச் சீனி போகாத ஒவ்வொரு நிமிடமும் அக்காவில் ஏதோ ஒன்றைக் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். எழுந்தாலும் ஐயாவை அடையாளம் தெரியாமல் எழுந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். தெரிந்த செபமெல்லாம் பாதியில் மறந்துபோனது.

கண் திறந்ததும் மெடம் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, கடைசியா வாய்க்குள்ள போனது என்ன?"

"குளிசை" என்றார் அக்கா.

"யாருடைய குளிசை?"

"இவரின்ட. இவருக்குச் சீனியைக் குறைக்கிறது எனக்கும் குறைக்கும்தானே, டொக்டர்."

நீரிழிவுக்காரரின் உடம்பிலுள்ள சீனியை அடித்து இறக்குகிற குளிசை. அதை வெறும் வயிற்றில், உடம்பில் இறக்குவதற்கு ஒன்றுமே இல்லாத மனுஷி போட்டிருக்கிறார். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் மருந்து, அதனால்தான் ஏற்றினதையும் தின்றுவிட்டுத் திரும்ப விழுத்தியது. மெடம் முகம் சுண்டிப்போய், குளிசைக்கு முன்னம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. இண்டைக்குப் பாலும் வாழைப்பழமும் கூட எடுக்கேல்லை."

அந்தக் 'கூட' என்ற சொல்லை மெடம் பிடித்துக்கொண்டார். மற்ற நாட்களில் எடுத்தீர்களா என்று மெல்லக் கேட்டார். ஓம், ஒவ்வொரு முறையும் சோதனைக்கு வர முன்னம் ஒரு தம்ளர் பாலும் இரண்டு பழமும் எடுத்ததாக அக்கா சொன்னார். விரதத்துக்கு அது எடுக்கலாம்தானே என்றார். போன முறை டொக்டர் படம் காட்டின பிறகு, அதையும் விட்டுவிட்டாராம்.

மெடம் என்னைப் பார்த்தார். விரதம் என்றால் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பதுதானே என்று கேட்டார். அப்படித்தான் நானும் எண்ணியிருந்தேன். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் எங்களுக்கு அது ஒருசந்தி. விரதம் என்ற சொல் எங்கள் வீட்டுப் புழக்கத்தில் இல்லை. மெடமோ அதைத் தன் சிங்களத்தில் உபவாசம் என்று விளங்கிக்கொண்டவர். கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐயாதான் பதில் சொன்னார்.

"விரதமெண்டால் மச்சம் இல்லை, மீன் இறைச்சி தொடமாட்டம், டொக்டர். பாலும் பழமும் சாப்பாட்டில சேராது."

நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில், ஒரே சொல்லை வேறு வேறு விதமாக வைத்துக்கொண்டு மாதக்கணக்காகக் கதைத்திருக்கிறோம். அக்கா ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒளித்துத் தின்னவும் இல்லை. பாலும் பழமும் ஏறிய இரத்தத்தை வெறும் வயிற்று இரத்தம் என்று அளந்துவிட்டு, அவர் இன்னும் குறைக்கவில்லை, இன்னும் குறைக்கவில்லை என்று நாங்கள் விரட்டினோம். அவரும் கோப்பையைச் சின்னதாக்கிக்கொண்டே போனார்.

அடுத்த நாள்தான் ஆபத்து விலகியது. உடம்பு தேறி, நன்றாகச் சாப்பிடத் தொடங்கிப் பல நாள் கழித்து, உண்மையிலேயே வெறும் வயிற்றில் எடுத்துப் பார்த்தோம். அக்காவுக்குப் போடரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அதை நம்பவில்லை. எண் இறங்கியது, பயம் இறங்கவில்லை. மெடம் பூப்போட்ட பெரிய கோப்பையைத்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, முன்னால் இருத்திச் சோறு போடச் சொன்னார். அக்காவின் கரண்டி கோப்பையில் பட்டுக் கடகடவென்று ஆடியது. அதுவரைக்கும் பயந்தவருக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லியோ, பயமில்லாதவருக்குப் படத்தைக் காட்டியோ பழகியவர் மெடம். அன்று வேறு ஒன்று சொன்னார்.

"பயப்படுங்க அம்மா, நான் வேண்டாமெண்டு சொல்லல்ல. ஆனா முதல்ல சாப்பிடுங்க. சாப்பிட்டிட்டுப் பயப்படுங்க."

அவர்கள் போனதும் படத்தை எடுத்து என் கையில் தந்தார். மருந்துத் துணி போடுகிற மஞ்சள் வாளிக்கு மேலே வைத்து, திரும்ப ஒட்ட முடியாத அளவுக்குச் சின்னச் சின்னதாகக் கிழித்துப் போட்டேன். ஷாலினி, உன் கேள்விக்குப் பதில் அதுதான்.

அன்றிலிருந்து எங்கள் கிளினிக்கில் விரதமா, ஃபாஸ்டிங்கா, சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை. கடைசியாக வாய்க்குள் போனது என்ன என்றே கேட்டோம். பனங்கட்டி கடித்துக் குடித்த தேத்தண்ணீர் வந்தது, கோயில் பஞ்சாமிர்தம் வந்தது, இருமல் பாணி வந்தது. எல்லோரும் நல்ல மனதோடு வெறும் வயிற்றில் வந்தவர்கள்தான்.

சிவபாலன் ஐயா சில வருடம் கழித்துத்தான் போனார், அக்காவின் முழங்கையைப் பிடித்தபடி. பிறகு அந்த வீட்டுக்குப் போனபோது அக்கா, "அவர் போகும்வரைக்கும் நான் இருந்திட்டன் மிஸ்ஸி" என்று மட்டும் சொன்னார். எனக்கு முன்னால் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டி வைத்தார். தான் ஒரு துண்டும் தொடவில்லை. நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு, இரண்டாவது சோதனைக்குப் போனேன். காலைப் பூசை கண்டுவிட்டுக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் எடுத்தேன். ஷாலினி விரலைத் துடைத்தபடி, "கடைசியா வாய்க்குள்ள போனது என்ன மிஸ்ஸி?" என்று கேட்டாள். யாரிடமிருந்து வந்த கேள்வி, ஏன் வந்த கேள்வி என்று அவளுக்குத் தெரியாது. நேற்று இரவுச் சாப்பாடு என்று சொல்ல வாயைத் திறந்தவள் நிறுத்திவிட்டேன்.

"நற்கருணை" என்றேன்.

அது சாப்பாடா என்று அவள் கேட்டாள். இல்லை, ஆனால் வாய்க்குள் போனது என்றேன். பூசையில் நாக்கில் வைக்கிற அந்த மெல்லிய அப்பத்தால் எண் மாறாது என்று இருவருக்கும் தெரியும். அவள் சிரிக்காமல் அதையும் குறித்துக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

மெஷின் காட்டியது போன முறைக்குக் கிட்டத்தான். போடர் உண்மைதான். ஷாலினி என் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"கை நனைஞ்சிருக்கு மிஸ்ஸி. பயமா?"

"ஓம் பிள்ளை" என்றேன். அப்பாவின் கதிரை, ஆடுகிற சாரம், எல்லாம் அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றன. பையைத் திறந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவை எடுத்தேன். அவித்த கடலையும் வல்லாரைச் சம்பலும், ஒரு ஓரமாகக் கொஞ்சம் சிவப்பரிசிச் சோறும். மூடியைத் திறந்தேன்.

"முதல்ல இதைச் சாப்பிடுறன்" என்றேன். "பிறகு பயப்படுறன்."